எரிந்த ஹீத் வெளியில் பாசி ஏன் முந்திக்கொள்கிறது?

தம்பி, நீர் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் உம்முடைய மாமா வீட்டுக்குக் கிட்ட ஒரு ஹீத் வெளி, அதாவது குட்டைச் செடிகள் மூடிய திறந்த நிலம், வசந்தகாலத்தில் எரிந்திருக்கிறது. அடுத்த வசந்தம் வருவதற்குள் கறுத்துக் கிடந்த நிலத்தில் பச்சைப் பாசி (குளத்துப் பாசி அல்ல, மொஸ்) படர்ந்து, அதன்மேல் செம்புக் கம்பி போல மெல்லிய காம்புகள் நிற்க, அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நீர் உயர்தர உயிரியல் படிக்கிற ஆள். வேர் கிடையாது, விதை கிடையாது, தண்ணீர் இல்லாவிட்டால் கருக்கட்டலே நடக்காது என்று படித்த ஒரு தாவரம் நெருப்பு எரிந்த இடத்தில் எப்படி முதல் ஆளாக நிற்கிறது என்பது உம்முடைய கேள்வி. பாசி மண்ணைப் பண்படுத்தி அடுத்த தாவரங்களுக்கு இடம் விடுகிறது என்று நோட்ஸில் இருப்பது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்.

முதல் கேள்விக்குப் பதில்: வேர் இல்லாததால்தான். இரண்டாவதற்கு: சில இடத்தில் சரி, சில இடத்தில் நேர்மாறு. எது எங்கே என்பதைத் தீர்மானிப்பது தீ நிலத்துக்குள் எவ்வளவு ஆழம் போனது என்பது. எரிந்த நிலத்தில் எந்தப் பாசி நிற்கிறது என்று பார்த்தே அந்தத் தீ எப்படிப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம், அதனால்தான் எனக்கு இந்த விசயத்தில் இவ்வளவு ஆர்வம்.

ஹீத் வெளி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நம்முடைய வன்னிப் பற்றைக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். முழங்கால் உயரம், கூடிப்போனால் இடுப்பளவு, அவ்வளவுதான் செடி. பெரும்பகுதி கலூனா என்ற ஒரே இனம், ஓகஸ்ட் மாதத்தில் மலைச்சரிவு முழுக்க ஊதா நிறமாகப் பூக்கும். ஸ்கொட்லாந்து, வட இங்கிலாந்து, நெதர்லாந்து, டென்மார்க், வட ஜேர்மனி, நோர்வேயின் கரையோரம் எல்லாம் இது உண்டு. மண் மிகவும் அமிலத்தன்மையானது, பி.எச். 4க்குக் கிட்ட, சில இடத்தில் அதற்கும் கீழே. சத்து குறைவு. மேலே கறுத்த மக்கு, ஈரமான மேட்டுநிலங்களில் அடியில் தடித்த கரிமண் படை, அதாவது பீற். நம்முடைய யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்கும் செம்மண்ணுக்கும் முழுக்க எதிர்ப்பக்கம். இந்த நிலத்தை அங்கே வேண்டுமென்றே கொளுத்துகிற வழக்கமும் இருக்கிறது. ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் செங்குரூஸ் என்ற வேட்டைப் பறவைக்கு இளம் கலூனாத் தளிர் வேண்டும் என்பதற்காக, குளிர்காலத்தில் நிலம் ஈரமாக இருக்கும்போது, கீற்றுக் கீற்றாக எரிப்பார்கள். அது ஒரு வகைத் தீ. கோடை வறட்சியில் தவறிப்போய்ப் பிடிக்கிற தீ வேறு வகை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விசயத்தில் பாதி விவாதங்கள் முடிவதே இல்லை.

சரி, இப்போது தீக்குப் போவோம். கலூனாவின் மெல்லிய காய்ந்த குச்சிகள் வேகமாக எரியும், சுவாலைக்குள் பல நூறு பாகை வெப்பம். ஆனால் குளிர்காலத்துத் தீ ஓரிடத்தில் நிற்கிற நேரம் மிகக் குறைவு. செடிக்கு அடியில் ஏற்கெனவே ஈரமான பாசியும் மக்கும் ஒரு தட்டாகக் கிடக்கும், அது நல்ல வெப்பத்தடை. ஆகவே மேலே எல்லாம் கருகினாலும் சில சென்ரிமீற்றர் கீழே மண் பெரிதாகச் சூடேறாது. கலூனாவின் அடித்தண்டு உயிரோடு இருக்கும், விதைகளும் பிழைக்கும், பழைய பாசியின் அடிப்பகுதிகூட அங்கங்கே தப்பும். கோடைத் தீயில் அந்தத் தட்டே காய்ந்து போய் எரிபொருளாகிவிடுகிறது. பிறகு பீற் பிடித்துக்கொண்டால் சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே புகைந்து நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் போகும். 2018 யூனில் மன்செஸ்ரருக்குக் கிட்ட சடில்வேர்த் மேட்டுநிலத்தில் பிடித்த தீ இந்த ரகம், அணைக்க இராணுவத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. அப்படி எரிந்தால் விதைச் சேமிப்பும் போய்விடும், வேரும் போய்விடும், வெறும் கறுத்த பீற்தான் மிச்சம்.

இந்த நிலத்தை ஒரு பாசியின் கண்ணால் பாரும். நிழல் போட ஆள் இல்லை, போட்டிக்கு ஆள் இல்லை. இலைக்குப்பை எரிந்துவிட்டதால் நேரே மண்ணில் ஒட்டலாம். சாம்பலில் பொற்றாசியம், கல்சியம், பொஸ்பரஸ் எல்லாம் கரையக்கூடிய வடிவில் கிடக்கிறது, சாம்பல் காரமானதால் மண்ணின் அமிலமும் கொஞ்சக் காலத்துக்குத் தணிகிறது. நைதரசனில் பெரும்பங்கு புகையோடு போய்விடும், அது வேறு கதை. பூக்கும் தாவரம் ஒன்று இங்கே வாழ வேண்டுமென்றால் வேரைக் கீழே இறக்க வேண்டும், அந்த மேல்படையோ வெயிலில் சூடாகி, காய்ந்து, மழையில் இறுகிப்போகும். நாற்று அங்கேயே செத்துவிடும். பாசிக்கு இந்தத் தொல்லையே இல்லை. வேர்ப்போலிகள் பிடித்துக்கொள்வதற்குத்தான், தண்ணீரையும் சத்தையும் அது இலையின் மேற்பரப்பாலேயே வாங்கிக்கொள்கிறது. மேல் 1 மில்லிமீற்றர் ஈரமாக இருந்தால் போதும். ஈரம் போனால்? சுருண்டு படுத்துவிடும், சாகாது. நம்முடைய கிணற்றுக்கட்டுப் பாசி ஆடி, ஆவணி வெயிலில் கறுத்துப் பொருக்காகிக் கிடந்துவிட்டு, ஐப்பசியில் முதல் மழை விழுந்த உடனே கண்ணுக்கு முன்னால் பச்சையாவதை நீர் எத்தனை தரம் பார்த்திருப்பீர், அந்தத் திறமைதான் அங்கேயும் வேலை செய்கிறது. இன்னொன்று: பிரித்தானியாவின் குளிர்காலம் ஈரமானது, வெளிச்சமும் ஓரளவு இருக்கும். கலூனா அந்த மாதங்களில் சும்மா இருக்கிறது, பாசி வேலை செய்கிறது. ஆகவே வசந்தத்தில் எரிந்தால், அடுத்த வசந்தத்துக்குள் பாசிக்கு ஒரு முழுப் பருவம் கூடுதலாகக் கிடைக்கிறது.

கருக்கட்டலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அது பரவலுக்குத் தடையில்லை. நீர் படித்த வாழ்க்கை வட்டத்தை ஒருக்கா நினைத்துப் பாரும். வித்தித்தாவரம், அதாவது அந்தக் காம்பும் நுனிக் கலனும், விடுகிற வித்தி (ஸ்போர்) மிக நுண்ணிய தூசு, காற்றில் எங்கேயும் போகும். விழுந்த இடம் ஈரமாக இருந்தால் முளைத்துப் பச்சை இழைகளாக, புரோற்றோனீமாவாகப் படரும், அந்தக் கட்டத்தில் பார்க்கிறவர் ஏதோ குளத்துப் பாசி வழிந்து காய்ந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். அந்த இழையில் மொட்டுகள் வைத்து, ஒவ்வொரு மொட்டும் ஒரு இலைத்தண்டாகும். ஒரே வித்தியிலிருந்து ஒரு கூட்டமே எழும்பலாம். இதற்குள் கருக்கட்டலுக்கு வேலையே இல்லை. அதோடு, எல்லாம் காற்றில்தான் வரவேண்டும் என்றும் இல்லை. மண்ணுக்குள் ஏற்கெனவே கிடந்த வித்திகள், கருகாமல் தப்பிய தண்டுத் துண்டுகள், இவற்றிலிருந்தும் பாசி எழும்பும்.

உம்முடைய மாமாவின் படத்துக்கு வருவோம். செம்பு நிறக் காம்பு, நுனியில் பேரிக்காய் வடிவில் ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிற வித்திக்கலன், இது பியூனேரியா ஹைக்ரோமெற்றிக்கா. படத்தில் அந்தச் சாய்வு தெளிவாகத் தெரிவதால் நம்பிச் சொல்கிறேன். உலகம் முழுக்க எரிந்த இடங்களில் வருகிற ஆள் இது, வெளியில் சமைத்த அடுப்பு மூட்டின இடத்தில்கூட வட்டமாக முளைக்கும். சாம்பல் போட்ட சத்தை வைத்துத் தடபுடலாக வளர்ந்து, ஏராளமாக வித்தி விட்டு, மழை அந்தச் சத்தைக் கழுவிக்கொண்டு போக, இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போய்விடும். இதன் காம்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது, மாமாவிடம் சொல்லிச் செய்து பார்க்கச் சொல்லும். காய்ந்த காம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு காம்பைப் பிடுங்கி, அடியை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, வாயால் ஈரக்காற்று ஊதினால் முறுக்கு அவிழ்ந்து நுனியில் உள்ள கலன் சுழலும், ஈரம் காய்ந்தால் திரும்பவும் முறுக்கும். இந்த ஆட்டம்தான் வித்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக உதறிவிடுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் கலனின் வாயைச் சுற்றியுள்ள பற்களையும் பார்க்கலாம்.

பியூனேரியா கனக்க நிற்கிறதென்றால் அங்கே சாம்பல் கனக்க விழுந்திருக்கிறது, செடி முழுக்க எரிந்திருக்கிறது என்று அர்த்தம். சாம்பல் குறைவான இடங்களில் செரற்றொடோன் பேர்ப்பியூரியஸ் என்ற இன்னொன்று வரும். அதன் காம்பு சிவப்பு ஊதா, கூட்டமாக நிற்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் நிலத்துக்கு ஒரு செந்நிறம் அடிக்கும். நகரத்துக் கூரை ஓடு முதல் அந்தாட்டிக்கா வரைக்கும் வளர்கிற ஆள், ஹீத் வெளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்தது. உயர்தரப் பாடத்தில் மொஸ் என்றால் உமக்குக் காட்டுகிறது பொகோனாற்றம் அல்லவா, அதே குடும்பத்தில்தான் பொலிற்றிரைக்கம் வருகிறது. ஹீத் வெளியில் இதில் இரண்டு இனங்கள் முக்கியம், ஜூனிப்பெரினம், பிலிபெரம். மற்றப் பாசிகள் பெரும்பாலும் தூசாக வந்து இறங்க, இது நிலத்துக்கு அடியில் படுத்திருந்த தண்டிலிருந்து திரும்ப முளைக்கும், அதனால் தீ ஆழம் போகாத இடத்தில் முதல் வருடத்திலேயே பச்சைக் குருத்துகள் வரிசையாக நிற்கும். நுனியிலிருந்து நேராகக் கீழே பார்த்தால் சின்ன நட்சத்திரம். இலையை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால், மேற்பரப்பில் பச்சைக் கலங்களின் தட்டுகள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்பதைக் காணலாம், பொகோனாற்றத்தில் நீர் பார்த்த அதே அமைப்பு. இந்த இரண்டு இனங்களிலும் இலையின் விளிம்பு உள்ளுக்கு மடிந்து அந்தத் தட்டுகளை மூடிக்கொள்ளும், வெயிலில் நேரே காய்ந்துபோகாமல். தண்டுக்குள் தண்ணீர் கடத்துகிற கலங்களும் உண்டு. பாசிக்குக் கடத்தும் இழையம் இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறோமே, இந்தக் குடும்பம் அந்த வரியைக் கொஞ்சம் சங்கடப்படுத்துகிற குடும்பம். (பரீட்சையில் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுதும்.)

பீற் வெறுமையாகிவிட்ட இடங்களில் கதை மெதுவாகப் போகும். முதலில் அல்காக்களும் சில லைக்கன்களும் (அல்காவும் பூஞ்சையும் கூடி வாழ்கிற உயிர்கள்) சேர்ந்து மெல்லிய பொருக்கு ஒன்றைப் போடும், அது பீற் காற்றில் பறக்காமல் கொஞ்சம் பிடித்துவைக்கும், பிறகு சிறிய ஈரற்பாசிகள், பொலியா நியூற்றன்ஸ் மாதிரியான மொஸ்கள். அங்கே வந்து குந்துகிற இன்னொரு ஆள் கம்பைலோபஸ் இன்ற்ரோபிளெக்சஸ், இது ஐரோப்பாவின் சொந்தச் சரக்கு இல்லை. தென் அரைக்கோளத்துப் பாசி, 1941இல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கண்டார்கள், அதன்பிறகு மேற்கு ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. இலை நுனியில் வெள்ளை மயிர், காய்ந்தால் அது பக்கவாட்டில் வளைந்து வெள்ளை நட்சத்திரமாக விரியும், அதை வைத்துக் கண்டுபிடிப்பது சுலபம். தண்டு நுனிகள் ஒடிந்து விழுந்து, காற்றிலும் மனிதர், மிருகங்களின் காலிலும் உருண்டு போய், போன இடத்தில் முளைக்கும். சில வருடங்களில் பல சென்ரிமீற்றர் தடிப்பில் மெத்தை போட்டுவிடும்.

உம்முடைய இரண்டாவது கேள்விக்கு இந்த மெத்தைதான் பதில். கலூனாவின் விதை மிகச் சின்னது, அதற்குள் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பொலிற்றிரைக்கத்தின் ஐதான குருத்துகளுக்கு இடையில் விழுந்தால் காற்றுக்கு மறைவு, கொஞ்ச ஈரம், அடியில் மண், ஆகவே முளைத்து வேர் இறக்க வாய்ப்பு இருக்கிறது. கம்பைலோபஸ் மெத்தையின்மேல் விழுந்தால் மண்ணைத் தொடவே முடியாது. மெத்தை மழை பெய்தால் ஊறும், வெயில் வந்தால் சட்டென்று காய்ந்து சுருங்கி வெடிக்கும், முளைத்த நாற்று அந்தரத்தில் நின்று காய்ந்துபோகும். ஆகவே பாசி வழிவிடுகிறதா வழி மறிக்கிறதா என்பது எந்தப் பாசி, எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறுத்தது.

நோட்ஸில் இருக்கிற அந்த ஏணிப்படிக் கதையில் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. லைக்கன் மண்ணை உண்டாக்க, பாசி அதைக் கூட்ட, பிறகு புல், பிறகு பற்றை என்று வருவது வெறும் பாறையில் தொடங்குகிறபோது ஓரளவு பொருந்தும். எரிந்த ஹீத் வெளியில் மண் ஏற்கெனவே இருக்கிறது. கலூனா வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை, முதல் நாளே அங்கே இருக்கிறது, அடித்தண்டாகவும் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடிய விதையாகவும். குறுகிய நேர வெப்பமும் புகையும் அந்த விதைகள் முளைக்கிறதைத் தூண்டுவதும் உண்டு. எல்லாரும் ஒரே நாளில்தான் ஓடத் தொடங்குகிறார்கள், பாசி கால் வேகமான ஆள், அவ்வளவுதான். கலூனா பாசிக்காகக் காத்திருப்பதில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எரியும்போது கலூனாவுக்கு என்ன வயது என்பது முக்கியம். பதினைந்து வருடத்துக்கு உட்பட்ட செடி அடியிலிருந்து நன்றாகத் தளிர்க்கும், வயது போகப் போக அந்தத் திறமை குறையும், அப்போது விதையை நம்ப வேண்டும், திடல் அதிக காலம் வெறுமையாகக் கிடக்கும், அந்த இடைவெளி முழுக்கப் பாசிக்கு லாபம்.

கலூனா வளர்ந்து ஒன்றோடொன்று முட்டிக் கூரை போட்டதும் முதல் வந்த பாசிகளின் ஆட்டம் முடிந்துவிடும். அலெக்ஸ் வற் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளர் கலூனாவின் வாழ்க்கையை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தொடக்கம், கட்டியெழும்புதல், முதிர்வு, சிதைவு. இரண்டாவது கட்டத்தில் நிழல் அவ்வளவு இறுக்கம், அடியில் அநேகமாக ஒன்றும் நிற்காது. பிறகு நடுவில் கிளைகள் விலகத் தொடங்க, அந்த நிழலையும் ஈரத்தையும் விரும்புகிற வேறு கூட்டம் வரும்: ஹிப்னம் ஜட்லண்டிக்கம், புளூரோசியம், டைக்ரானம். இவை நிமிர்ந்து நிற்கிற ஆட்கள் குறைவு, பெரும்பாலும் படுத்துப் பின்னிக்கொண்டு போகும். அடுத்த தீ வரும்போது ஈரமாக இருந்தால் மண்ணைக் காப்பாற்றுகிற தட்டு இதுதான், காய்ந்திருந்தால் தீயைக் கீழே இறக்கிவிடுவதும் இதுதான். ஸ்பக்னம் என்ற சதுப்புநிலப் பாசி நிற்கிற ஈர ஹீத் தனி விசயம். தென் இங்கிலாந்தின் சறேயில் தேர்ஸ்லி கொமன் என்ற ஹீத் வெளி 2006இலும் 2020இலும் எரிந்தது, அப்படிப்பட்ட இடங்களில் ஸ்பக்னம் மேல் நுனி கருகினாலும் கீழே ஈரத்தில் நிற்கிற தண்டிலிருந்து திரும்ப எழும்ப முடியும், அடிவரை காய்ந்துவிட்டால் முடியாது.

நம்முடைய பக்கம் ஏன் இப்படிப் பாசி முந்துவதைக் காண்பதில்லை என்று நீர் அடுத்து கேட்பீர். வன்னியில் சேனைப் பயிருக்குக் காட்டைக் கொளுத்துவது மாரிக்கு முந்தி. மழை விழுந்ததும் சூடும் ஈரமும் ஒன்றாகச் சேர, புல்லும் பூண்டும் வெட்டிய அடிக்கட்டைகளின் தளிரும் பாசிக்கு மூச்சு விடவே இடம் கொடாது. வடலி பற்றி எரிந்த இடத்திலும் அதே கதை. குளிரும் அமில மண்ணும் பூக்கும் தாவரங்களை மெதுவாக்குகிற இடத்தில்தான் பாசிக்கு அந்த ஒரு வருட முன்னிலை கிடைக்கிறது. இலங்கைக்குள் அதற்குக் கிட்ட வருகிற நிலம் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஈரப் பத்தனைகள், அதாவது மலைப் புல்வெளிகள், 2000 மீற்றருக்கு மேலே, கறுத்த அமில மண். அங்கே சிவப்புப் பூப் பூக்கிற ரொடடெண்ட்ரன் மரம் கலூனாவின் குடும்பம். வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்து இப்போது அழிக்கவே முடியாமல் பரவிக் கிடக்கிற மஞ்சள் பூ முட்பற்றை யூலெக்ஸ், பிரித்தானிய ஹீத் வெளிகளில் மிகவும் உக்கிரமாக எரிகிற அதே செடி. மலையகத்துக்குச் சுற்றுலா போனால் அந்த மண்ணில் பொகோனாற்றம் மாதிரி நட்சத்திரப் பாசிகள் நிற்கின்றனவா என்று குனிந்து பாரும், பிடுங்க வேண்டாம், அது தேசிய பூங்கா.

மாமாவிடம் ஒன்று கேட்டு வையும். இதே இடத்தில் அடுத்த மார்கழியிலும் அதற்கு அடுத்த வருடமும் படம் எடுக்கச் சொல்லும், ஒவ்வொரு தரமும் ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, மேலே இருந்து நேராக ஒன்று, பக்கவாட்டில் காம்பும் கலனும் தெரிகிற மாதிரி இன்னொன்று. செம்புக் காம்புகள் குறைந்து நட்சத்திரங்கள் கூடினால் கலூனாத் தளிரையும் அவற்றுக்கிடையில் தேடச் சொல்லும், நட்சத்திர நுனி காய்ந்த நாளில் வெள்ளையாக விரிந்தால் அது கம்பைலோபஸாக இருக்கலாம், அந்தப் படத்தை எனக்கும் அனுப்பும்.